கரைக்கு ஒரு பொழுது, கடலுக்கு ஒரு பொழுது

கொற்கைக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, "கடல் எங்கே?" என்பதுதான். நானும் அதையேதான் கேட்டேன். சுற்றிலும் வாழைத் தோட்டம், நெல்வயல், ஒரு குளம், மிகவும் பழமையானது என்று ஊரார் காட்டுகிற ஒரு வன்னிமரம். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பெயர்போன பட்டினம், கிரேக்க மொழியில் கடல்வழி நூல் எழுதிய பெயர் தெரியாத ஓர் ஆசிரியன் குறித்து வைத்திருக்கும் ஊர், இதுதான். கடலைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் சில மைல் கிழக்கே போகவேண்டும். தாமிரவருணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. கொற்கை தூர்ந்த பிறகு காயல் தலையெடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ கண்டு வியந்தது அந்தக் காயலைத்தான். அதுவும் ஓய்ந்த பிறகு தூத்துக்குடி.

வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. கடல் கொண்ட நிலத்தைப் பற்றி நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம்! கபாடபுரம் போயிற்று, குமரி போயிற்று என்று ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகப் புலம்புகிறோம். புதுமைப்பித்தன் அதை வைத்துக் கதை எழுதினார், நா. பார்த்தசாரதி நாவல் எழுதினார். ஆனால் கடல் கைவிட்டுப் போன ஊரைப் பற்றி எந்தப் புலவனும் வாய்விட்டு அழுததாகத் தெரியவில்லை. காரணம் சுலபமானது. கடல் பொங்கி ஊரை விழுங்கினால் அது ஒரு நாளில் நடக்கிறது, அது ஒரு சம்பவம், கதை சொல்லலாம். வருஷத்துக்குச் சில அடி வீதம் கடல் பின்வாங்கினால் அது யாருடைய ஆயுளிலும் சம்பவமாக ஆவதில்லை. தாத்தாவுக்குக் கடலாக இருந்தது பேரனுக்கு உப்பங்கழி. அவன் பேரனுக்கு வயல். இடம் மாறவில்லை. காலம் அதன்மேல் நடந்துபோயிருக்கிறது. அந்த நடையின் சத்தம் இலக்கியத்தின் காதில் விழுவதில்லை.

இடமும் காலமும் இலக்கியத்தில் எப்படி வருகின்றன என்பது நமக்குப் புதிய விசாரம் அல்ல. மேல்நாட்டு விமர்சகர்கள் இதைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதுவதற்கு வெகு காலம் முன்பே தொல்காப்பியம் நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று சொல்லிவிட்டது. பாத்திரங்கள், தெய்வம், பறவை, பூ எல்லாம் அப்புறம்தான். கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு. உரிய உணர்ச்சி இரங்கல். எற்பாடு என்ற சொல்லுக்குப் பொருள் கொள்வதில் வேற்றுமை உண்டென்றாலும், பொழுது சாயும் வேளை என்பதே பெரும்பாலோர் கொள்ளும் அர்த்தம். கடற்கரை, மாலை, ஏங்கும் பெண் என்ற இந்த மூன்றையும் சேர்த்துவைத்தவன் பெரிய கலைஞன்; அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் நான் கேட்க விரும்புவது ஒரு சின்னக் கேள்வி. அது யாருடைய மாலை?

எங்கள் கிழக்குக் கரையில் சூரியன் கடலில் விழுவதில்லை. கடலிலிருந்து எழுகிறது, ஊருக்குப் பின்னால் போய் மறைகிறது. மாலையில் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிற பெண்ணுக்கு முதுகுப் பக்கம்தான் அஸ்தமனம். அவள் முன்னால் கடல் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில் கடலுக்குப் போயிருக்கிறவன் என்ன பார்க்கிறான்? அவனுக்கு அஸ்தமனம் கரைக்குமேல், தன் வீட்டுக்குமேல் நடக்கிறது. அவள் இருட்டைப் பார்க்கிறாள்; அவன் வெளிச்சத்தைப் பார்க்கிறான். ஒரே மாலைதான். சங்கப் பாட்டு பெரும்பாலும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பாடப்பட்டது. அது குற்றம் அல்ல. ஆனால் இரண்டாயிரம் வருஷமாக நாம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

இந்த வருத்தம் எனக்குப் படித்து வந்ததல்ல, பட்டு வந்தது. பல வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்றில் முத்துக்குளிப்பைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினேன். அதற்காகப் படிக்கவேண்டியதை எல்லாம் படித்தேன். பங்குனி சித்திரையை ஒட்டிக் கடல் அடங்கியிருக்கும் சில வாரங்கள்தான் முத்துக்குளிப்புக் காலம். நள்ளிரவுக்கு மேல் கரையிலிருந்து வீசும் காற்றில் படகுகள் புறப்படும். விடியும்போது பாருக்குப் போய்ச் சேரும். பார் என்றால் கடலடியில் சிப்பி விளைகிற திட்டு. நண்பகல் வரைக்கும் குளிப்பு. பிறகு கடற்காற்று எழும்பியதும் பாய் விரித்துக் கரைக்குத் திரும்புவார்கள். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம். காலில் கல்லை மாட்டிக்கொண்டு இறங்குகிறவன் ஒரு நிமிஷம், சற்றே முன்பின்னாக, உள்ளே இருப்பான். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவன் இழுத்துக்கொள்வான். எல்லாவற்றையும் எழுதினேன். தகவலில் ஒரு தவறும் இல்லை.

என் கதாநாயகன் நீருக்குள் இறங்கினான். இறங்கினவன் என்ன செய்தான் தெரியுமா? காதலியை நினைத்தான். அவள் சிரிப்பை நினைத்தான். அவள் தகப்பனாரின் பிடிவாதத்தை நினைத்தான். இரண்டரைப் பக்கம் நினைத்தான். பிறகு ஒரு பெரிய சிப்பியை எடுத்துக்கொண்டு மேலே வந்தான்.

புத்தகம் வெளிவந்த பிறகு தூத்துக்குடியில் ஒரு நண்பர், இளமையில் முத்துக் குளித்த ஒரு பெரியவரிடம் என்னை அழைத்துப்போனார். நண்பருக்கு உற்சாகம் மிஞ்சிப்போய் அந்த அத்தியாயத்தை உரக்கப் படித்தும் காட்டினார். பெரியவர் கடைசிவரைக்கும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கிய, தம்பி. ஆனா இது மேல கயிறு பிடிச்சிக்கிட்டு நிக்கிறவன் நெனைப்பு. கீழ போனவனுக்கு நெனைப்பு ஏது? கை சிப்பியைப் பார்க்கும், நெஞ்சு மூச்சைப் பார்க்கும். அம்புட்டுத்தான்."

"எவ்வளவு நேரம் உள்ளே இருப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"நேரம் மேல இருக்கிறவனுக்கு. எங்களுக்கு மூச்சுதான்."

இந்த ஒரு பேச்சில் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எந்த மதிப்புரையும் ஏற்படுத்தியதில்லை. ஒரு நிமிஷம் என்று எழுதியிருந்தேன். அது சரியான கணக்கு. ஆனால் அது கடிகாரத்தின் கணக்கு. கீழே இருப்பவனுக்கு அது ஒரு மூச்சு; அதற்குள் அவனுக்கு நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது. கயிற்றைப் பிடித்திருப்பவனுக்கு அதே நிமிஷம் நீண்டுகொண்டே போகிறது. முத்துக் குளிக்கிறவனுக்கு மைத்துனன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. உடன்பிறந்தவள் தாலியை நினைத்தாவது கயிற்றைக் கைவிடமாட்டான் என்பது அதன் உட்பொருள். நினைப்பு எல்லாம் அந்த மைத்துனனுக்குத்தான். கரையில் இருக்கிற மனைவிக்கோ அந்த நிமிஷம் என்ற ஒன்றே இல்லை. நள்ளிரவு முதல் பிற்பகல் வரைக்கும் ஒரே நீளமான பொழுது. அடுத்து ஏலத்தில் சிப்பியை வாங்கும் வியாபாரி இருக்கிறான். வாயைத் திறக்காத சிப்பியை ஆயிரக்கணக்கில் வாங்கி, அது அழுகி முத்து வெளிப்படும் மட்டும் நாட்கணக்கில் காத்திருப்பவன். குளித்தவன் பொழுது முடிகிற இடத்தில் இவன் பொழுது ஆரம்பமாகிறது. ஒரே கரை, ஒரே முத்து, நான்கு காலங்கள்.

அதற்குப் பிறகு பழைய நூல்களை வேறு கண்ணோடு புரட்டினேன். முத்து எங்கும் இருக்கிறது. ஆனால் பெண்ணின் பல்லுக்கு உவமையாக இருக்கிறது. மார்பில் ஆரமாகத் தொங்குகிறது. மூட்டையாகி யவனக் கப்பலில் ஏறுகிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு நீதியே முத்தைக் கொண்டு தீர்க்கப்படுகிறது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். கொற்கைத் துறையில் யாரோ ஒருவன் மூச்சை அடக்கி எடுத்த முத்துத்தான் கோவலன் கள்வன் அல்ல என்பதற்குச் சாட்சி சொல்கிறது. அவன் யார் என்று இளங்கோ கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடமும் அது அல்ல. அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் சுறா திரியும் கடலில் சங்கு குளித்துத் திரும்பும் பரதவர் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? சங்கு முழங்க, ஆரவாரத்தோடு கொற்கை அவர்களை எதிர்கொள்கிறது. அழகான காட்சி. ஆனால் கவனியுங்கள்: அது கரையில் நின்று பார்த்த காட்சி.

வெளியூர்க்காரர்களும் தங்கள் தங்கள் கணக்கையே பார்த்தார்கள். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கிரேக்கக் கடல்வழி நூல், இங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுகிறது. மார்கோ போலோ வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. எந்த மாதத்தில் குளிப்பு, மன்னருக்கு எவ்வளவு, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று எல்லாம் கணக்காக எழுதிவைத்தான். 1863இல் பாரிஸில் பிஸே என்ற இசை மேதை முத்துக் குளிப்பவர்களை வைத்து ஓர் இசை நாடகம் அரங்கேற்றினார். கதை நடப்பது மன்னார்க் கடலின் அக்கரையான இலங்கையில். ஆனால் எழுதத் தொடங்கியபோது அது மெக்ஸிகோவில் நடக்கிற கதையாக இருந்ததாம். பிறகு இலங்கை ஆக்கிவிட்டார்கள்! பாட்டு இன்றும் உலகமெங்கும் பாடப்படுகிறது, நானும் ரசித்திருக்கிறேன். இருந்தாலும், ஊரின் பெயரை மாற்றியும் கதை மாறவில்லை என்றால் அங்கே ஊரே இல்லை என்றுதான் அர்த்தம். தூரத்திலிருந்து பார்த்தவர்களைக் குறை சொல்வானேன்? என் கதாநாயகன் இரண்டரைப் பக்கம் காதலியை நினைத்தானே, அவனை மெக்ஸிகோவுக்கு அனுப்பினாலும் அதையேதான் நினைத்திருப்பான்.

கடற்கரையைப் பற்றிய நாவல் என்றதும் நம்மவருக்கு நினைவு வருவது தகழியின் 'செம்மீன்'. 1956இல் வந்தது, சுந்தர ராமசாமி நல்ல தமிழில் தந்தார். கரையில் இருக்கிறவளின் ஒழுக்கம் கடலில் இருக்கிறவனைக் காக்கிறது என்ற நம்பிக்கைதான் அந்த நாவலின் அச்சாணி. யோசித்துப்பார்த்தால் அது நெய்தல் திணையின் இன்னொரு முகம். காத்திருப்பு என்ற காலம் அங்கே வெறும் துயரமாக இல்லை. கடமையாக, ஆபத்தாகவே ஆகிவிடுகிறது. அதுவும் கரையின் காலந்தான்.

நம் பக்கத்தில் வண்ணநிலவன் 1977இல் எழுதிய 'கடல்புரத்தில்', மணப்பாட்டுக் கரையை வைத்து எழுதிய சின்ன நாவல். அதில் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கிற சண்டையை வெறும் பிழைப்புச் சண்டையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது இரண்டு காலங்களின் சண்டையாகவும் படுகிறது. வல்லம் காற்றைக் கேட்டுப் போவது; லாஞ்சு யாரையும் கேட்பதில்லை. குரூஸ் மிக்கேல் தன் வல்லத்தை விற்க மனமில்லாமல் தவிக்கிறான். வெளியூரில் வாத்தியாராக இருக்கும் மகனுக்கு அது ஒரு பழைய மரச்சாமான், விற்றால் பணம். இருவரும் கெட்டவர்கள் அல்லர். பள்ளிக்கூட மணியில் வாழ்கிறவனும் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரால் நாளை எண்ணுகிறவனும் ஒரே வீட்டில் அப்பனும் பிள்ளையுமாக இருக்கிறார்கள். வண்ணநிலவன் இதை விளக்கிப் பிரசங்கம் செய்யவில்லை. அதனால்தான் நாவல் நிற்கிறது.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979) தூத்துக்குடி உப்பளத்துக் கதை. அவர் இந்தக் கரையில் பிறந்தவர் அல்லர். வந்து, தங்கி, விசாரித்து எழுதியவர். ஆய்வு அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அவர் ஒன்றைச் சரியாகக் கேட்டார்: அளத்துக்காரரின் கடிகாரத்தை. பொன்னாச்சி கூலிக்குப் போகிற அந்த அளத்தில் வெயில்தான் முதலாளி. வெயில் ஏற ஏற உப்பு விளையும்; உப்பு விளைய விளையக் கண் கூசும், கால் வெந்து புண்ணாகும். ஊரெல்லாம் மழைக்குக் கைகூப்பும்போது அளத்துக் கூலிக்கு மழை என்றால் அடுப்பு அணைந்தது என்று பொருள். பொழுது சாய்வதும் அப்படித்தான். நெய்தல் தலைவிக்கு எற்பாடு இரங்கலைக் கொண்டுவருகிறது. அளத்துப் பெண்ணுக்கு அது நல்ல தண்ணீரில் காலைக் கழுவுகிற நேரம். தொல்காப்பியர் வகுத்த நிலம் அதே நிலம், பொழுதும் அதே பொழுது, உரிப்பொருள் மாறிவிட்டது. இலக்கணத்தை மீறியதாக நான் இதைச் சொல்லவில்லை. இலக்கணம் கேட்காத ஒருத்தியிடம் கேட்டதாகவே சொல்கிறேன்.

துறைமுகத்துக்கு வேறொரு காலம் இருக்கிறது. தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்தது. ரயிலில் வந்து இறங்கிக் கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள். தூத்துக்குடிக்காரருக்கு அந்த நாளில் கொழும்பு பக்கத்து வீடு. சென்னைப் பட்டணம்தான் தூரதேசம். தேசப்படத்தில் அளக்கிற தூரமும் மனசு அளக்கிற தூரமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். 1906இல் வ. உ. சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது போட்டி கட்டணத்தில் மட்டும் அல்ல. நாள் தவறாமல் கப்பல் விடுவதிலும்தான். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் ஒன்று வார விடுமுறை. ஏழு நாளில் ஒரு நாள் தங்களுடையதாக இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். காலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இந்த ஊரில் அப்போதே வந்துவிட்டது. இன்று, 1974இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடத்தில், கப்பல் ஒரு நாள் கூடுதலாக நின்றால் தாமதக் கட்டணம். காற்றுக்காகக் காத்துக்கிடந்த பாய்மரத் தோணிக்கு யார் கட்டணம் விதித்தார்கள்?

இந்தக் காலங்களை எல்லாம் ஒரே நாவலில் அடைத்துவிடத் துணிந்தவர் ஆர். என். ஜோ டி குரூஸ். உவரியில் பிறந்தவர், கப்பல் தொழில் தெரிந்தவர். 2009இல் வந்த அவருடைய 'கொற்கை', 2013ஆம் வருஷத்துச் சாகித்திய அகாதமி பரிசைப் பெற்றது. 1914 முதல் 2000 வரை ஓடுகிற கதை. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தூத்துக்குடியைப் பற்றிய நாவலுக்குக் கொற்கை என்று பெயர் வைத்ததிலேயே ஒரு விமர்சனம் இருக்கிறது. கொற்கைக்கு நேர்ந்தது எந்தத் துறைமுகத்துக்கும் நேரும் என்று அந்தப் பெயர் சொல்லாமல் சொல்கிறது. கடல் கைவிட்ட ஊருக்காக யாரும் அழவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த அழுகை இங்கேதான் முதல் தடவையாகக் காதில் விழுகிறது.

ஆனாலும் அந்த நாவலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பாத்திரங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். துறைமுகத்து வாழ்வு அப்படித்தான், உண்மை. ஆனால் வருஷங்கள் ஓடுகிற வேகத்தில் ஒரு நாள்கூட நம்மோடு உட்காருவதில்லை. சங்கப் பாட்டுக்கு ஒரே ஒரு மாலை போதுமாக இருந்தது. இந்த நாவலுக்கு எண்பத்தாறு வருஷம் போதவில்லை. இந்த வகையில் அவருடைய முதல் நாவலான 'ஆழி சூழ் உலகு' (2004) எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. அதில் கடலில் சிக்கி உயிருக்குப் போராடுகிற மூவரின் தவிப்பும், கரையில் கழிந்த அரை நூற்றாண்டும் மாறி மாறி வருகின்றன. கரையில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிடுகிறது. இங்கே ஓர் இரவு இன்னும் விடியவில்லை. உத்திக்காகச் செய்த உத்தி அல்ல இது. கடலில் இருப்பவனுக்கும் கரையில் இருப்பவனுக்கும் காலம் ஒன்றல்ல என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. நெய்தல் தலைவியின் பக்கத்திலேயே இரண்டாயிரம் வருஷம் உட்கார்ந்திருந்த தமிழ் இலக்கியம், எழுந்துபோய் மரத்தைப் பற்றிக்கொண்டு தண்ணீரில் மிதந்தது அந்த நாவலில்தான் என்பேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பிறந்த ஊர்க்காரன்தான் ஊரைப் பற்றி எழுதலாம் என்று தீர்ப்புச் சொல்லப்போகிறேன் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. ராஜம் கிருஷ்ணன் முசிறிக்காரர். நானோ கரையில் போய் நின்றும் தவறாக எழுதினேன். எந்த ஊரில் பிறந்தோம் என்பதைவிட, எழுத உட்காரும்போது யாருடைய கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொள்கிறோம் என்பதே முக்கியம். நம்மில் பெரும்பாலோர் நம் கைக்கடிகாரத்தையே எல்லாப் பாத்திரங்களின் கையிலும் கட்டிவிடுகிறோம். உடையும் பேச்சும் கடற்கரையாக இருக்கின்றன. நேரம் மட்டும் மயிலாப்பூராக இருக்கிறது.

அரசாங்கம் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரைக்கும் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடத்தியது. பிறகு பார்களில் சிப்பி இல்லை, குளிப்பும் இல்லை. 1973இல் இதே ஊரில் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் அதற்கு யாரும் மூச்சை அடக்க வேண்டியதில்லை. 1961இல் இருபது வயது இளைஞனாகக் கடைசிக் குளிப்பில் இறங்கியவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். அந்த மூச்சின் நீளம் என்னவென்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? இனிமேல் எவனாவது முத்துக்குளிப்பைப் பற்றி எழுதி, கதாநாயகனைக் கடலடியில் காதலியை நினைக்கவைத்தால், "இது மேல நிக்கிறவன் நெனைப்பு, தம்பி" என்று சொல்ல ஆள் இருக்காது.

மறுபதிப்பு வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன். இரண்டரைப் பக்க நினைப்பை அடித்துவிட்டேன். மேலே கயிறு பிடித்திருந்த மைத்துனனிடம் அதைக் கொடுத்துப்பார்த்தேன். அவனுக்கு வேறு நினைப்பு இருந்தது. நீருக்குள் இருந்தவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்திருந்து மூன்று வரி எழுதினேன். பெரியவருக்கு அது திருப்தியாக இருந்திருக்குமா என்று இன்றுவரைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.